கீரைக்குத் தண்ணீர் விட்ட பம்பு

தம்பி,

இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. சின்னது கிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதை முதலில் எடுத்துத் தர்ஷினியின் கைப்பையில் வை. இன்று காலை உன் அம்மா போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய கீரையைச் சமைக்காதே, தொடவும் தொடாதே என்று அவளிடம் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான். நம் வீட்டுக் கீரையில் விஷம் இருக்கலாம். இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அதை உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். தர்ஷினிக்கு இது ஐந்தாம் மாதம். இன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நீயும் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவரே பேசி வைத்திருக்கிறார், எத்தனை மணிக்குப் போனாலும் பார்ப்பார்கள். அவள் உடை மாற்றிக் கிளம்புவதற்குள் நீ இதைப் படித்து முடித்துவிடலாம்.

நேரில் சொல்லாமல் எதற்கு இந்த மனுஷன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். இது அம்மாவின் ஏற்பாடு. காலையில் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தர்ஷினிக்குப் போன் செய்தாள். பிறகு, "போன்ல சொல்லாதீங்க. போன்ல நீங்க மாத்திச் சொல்வீங்க. நேர்ல போனாலும் பையன் மூஞ்சியப் பாத்ததும் பாதிய முழுங்கிருவீங்க. உக்காந்து எழுதுங்க. நான் படிச்சுப் பாக்கணும். அப்புறம் கொண்டு போங்க" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு என்னைத் தெரியாதா. இப்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கண்டெய்னர் எண்களைச் சரிபார்த்து எழுதியவன் நான். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன். வீட்டு விஷயத்தில் மட்டும் அந்த நேர்மை எனக்கு வரவே இல்லை.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து சொல்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் கூட்டாளி சுப்ராவும் கிள்ளானில் பழைய சாமான் கடை போடுகிற இடத்துக்குப் போவோம். தரையில் தார்ப்பாய் விரித்து, செத்துப்போனவர்கள் வீட்டிலிருந்து அள்ளி வந்ததை எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். மங்கு தட்டு, சாவி கொடுக்கிற கடிகாரம், கண்ணாடிச் சோடா பாட்டில், முன் சக்கரம் இல்லாத குழந்தை சைக்கிள். சுப்ரா ரேடியோவாகத் தேடுவான். நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். "குப்பை" என்பாள். அன்றைக்கு ஒரு தார்ப்பாயின் ஓரத்தில் அந்தப் பம்பு இருந்தது. முதுகில் மாட்டிக்கொள்கிற பித்தளைத் தொட்டி, பக்கவாட்டில் கைப்பிடி, நீளக் குழாய், அதன் முனையில் பூவாகத் தண்ணீர் தெறிக்கிற மூக்கு. தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற பம்பு. பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது, ஆனாலும் ஒரு நசுங்கல் இல்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் என்று உனக்குத் தெரியும். என் அம்மா அங்கே என்ன வேலை செய்தாள் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவள் மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருந்தாள். காலையில் ஏழெட்டுப் பெண்கள் இதே பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையாக ரப்பர் மரங்களுக்கு நடுவே போவார்கள். வெயில் பட்டுப் பித்தளை பளபளக்கும். தூரத்தில் நின்று பார்ப்போம். கிட்டே போகக் கூடாது. வேலை முடிந்து வந்தால் அவள் நேராகக் குழாயடிக்குத்தான் போவாள். தலை முழுகி, வேறு துணி மாற்றுகிற வரைக்கும் எங்களைத் தொடவிட மாட்டாள். என் தம்பி தவழ்ந்து போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் போனால், எட்டி உதைப்பவள் மாதிரி காலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். அவள் வேலைத் துணிக்குத் தனி வாளி. பம்பு கழுவின தண்ணீரைக் கோழி நடமாடுகிற பக்கம் ஊற்றக் கூடாது. பம்பில் எதற்காகவும் வீட்டுத் தண்ணீர் பிடிக்கக் கூடாது. லயத்து வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லும். எனக்குப் பதினாறு வயதில் அவள் செத்துப்போனாள். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அவள் குடித்ததே இல்லை.

அப்படி வளர்ந்தவன் அந்தப் பம்பை ஏன் வாங்கினான் என்று நீ கேட்கலாம். எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, தம்பி. அவ்வளவுதான். அறுபத்தேழு வயதில் அந்த ஆசை வந்தது. கடைக்காரன் எங்கோ ஒரு தோட்டத்து ஸ்டோரை இடிக்கும்போது கிடைத்தது என்றான். "எல்லாம் கழுவியாச்சு லா, boss. சுத்தம். பூச்சாடி மாதிரி வெச்சுக்கலாம்." மூடியைத் திறந்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்து இறுகியிருந்தது. ஒரு வாடை வந்தது. துருவும் காரமும் சேர்ந்த வாடை. அது என் அம்மாவின் வேலைத் துணி வாடை. ஐம்பது வருஷம் கழித்தும் மூக்கு மறக்கவில்லை. சுப்ரா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான். "டேய், இது மருந்து பம்புடா. வாங்குறதுன்னா வாங்கி ஷோவுக்கு வெச்சுக்க. தண்ணி கிண்ணி ஊத்திராத" என்றான். "எனக்குத் தெரியாதாடா? தோட்டத்துல பொறந்தது நானா நீயா?" என்று அவன் வாயை அடைத்தேன். வண்டியில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் முழுக்கப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வெளிப்பக்கம் பொன்னாக வந்துவிட்டது. உள்ளேயும் புளியைக் கரைத்து ஊற்றிக் குலுக்கினேன். சாம்பல் நிறப் படிவு கொஞ்சம் இளகி வந்தது, மிச்சம் அடியிலேயே இருந்தது. இரண்டு தடவை அலசினேன். அம்மா வந்து பார்த்தாள். நான் கொண்டு வந்த எதையும் குப்பை என்று சொல்கிறவள் அதை மட்டும் தடவித் தடவிப் பார்த்தாள். "இதுல தண்ணி விட்டா குனியவே வேணாம் போல. பித்தளைத் தண்ணி செடிக்கு நல்லதும்பாங்க" என்றாள். அலங்காரத்துக்கு மட்டும்தான் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வாங்கி வந்த ஒரு பொருளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது அதுதான் முதல் தடவை. "நல்லாக் கழுவிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஏழு தடவ கழுவிட்டேன்" என்றேன். அவள் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து பம்புக்குப் பொட்டு வைத்தாள். புது வண்டிக்கு வைப்பது போல.

அதன் பிறகு நம் வீட்டு வாசல் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். இந்த ஊரில் வசந்தகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு மழை கொட்டும். ஆனால் தையிலிருந்து சித்திரை வரைக்கும் செடிகளுக்கு ஏதோ பிடித்துக்கொள்ளும். சாலையோர அங்சானா மரமெல்லாம் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். அம்மா அதைத் திட்டிக்கொண்டே கூட்டுவாள், கூட்டிய பூவையே உரக்குழியில் போடுவாள். கேட்டுக்குப் பக்கத்தில் பாயாம் கீரை, சுவரோரம் மணத்தக்காளி, தொட்டிகளில் மிளகாய், வெண்டை, புதினா. அவளுடைய சிநேகிதிகள் சனிக்கிழமை வந்து நின்று பம்போடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நீயும் தர்ஷினியும் சீனப் புத்தாண்டு லீவுக்கு வந்தபோது கர்ப்பமாக இருக்கும் விஷயத்தைச் சொன்னீர்கள். அன்று சாயங்காலம் தர்ஷினி சிரித்துக்கொண்டே பம்பின் கைப்பிடியை அடித்தாள், அம்மா குழாயைப் பிடித்துத் தண்ணீர் தெளித்தாள், நீ போனில் படம் பிடித்தாய். "பிள்ளைத்தாச்சிக்கு ரத்தம் ஊறணும், இனிமே வாரா வாரம் கீரை அனுப்புறேன்" என்று அம்மா சொன்னது அந்தப் படத்திலேயே கேட்கும். நான் கதவோரம் நிற்பதும் தெரியும். என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்.

முதலில் புதினா போனது. பிறகு நத்தைகள். வருஷா வருஷம் அம்மா உப்பைத் தூக்கிக்கொண்டு நத்தைகளைத் துரத்துவாள். இந்த வருஷம் அவை தாமாகவே சுவரடியில் ஓட்டோடு காய்ந்து கிடந்தன. "பம்பு வந்த ராசி, சனியன் ஒழிஞ்சது" என்று அவளுக்குச் சந்தோஷம். மண்ணைக் கிளறினேன். ஒரு மண்புழு இல்லை. பாயாம் மட்டும் செழித்து வந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பங்குனியில் பக்கத்து வீட்டு ரோஸ்னா அக்காவின் கோழிகள் நம் கேட்டுக்கு அடியில் புகுந்து கீரையைக் கொத்தின. மறுநாள் மூன்று கோழிகளும் அவர் வீட்டு வாசலில் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தன. கோழிக் காய்ச்சல் போல, ஊரெல்லாம் பரவுகிறது என்றார் அவர். நான் மண்வெட்டி எடுத்துப் போய்க் குழி தோண்டி உதவினேன். "நீங்கள் ரொம்ப நல்ல மனுஷன்" என்று சொல்லி மாலையில் ஒரு தட்டு குவே பலகாரம் கொடுத்து அனுப்பினார். நான் அதைச் சாப்பிட்டேன்.

இங்கே "எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது" என்று முதலில் எழுதியிருந்தேன். எழுதி முடித்த பக்கங்களை அம்மா ஒவ்வொன்றாக வாங்கிப் படிக்கிறாள். இந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சந்தேகமா? தெரியும்னு எழுதுங்க" என்றாள். எனக்குத் தெரியும், தம்பி.

தெரியும் என்பதற்குச் சாட்சி சொல்கிறேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கீரைப் பையை ரயிலில் மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. நான் மறக்கவில்லை. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, வண்டி மாறாமல் வெளியே நடந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போனேன். பூக்கடைகளுக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் பையைப் போட்டேன். மேலாகக் கிடந்தால் யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று பையைக் கிழித்துக் கீரையைக் கசக்கி எச்சில் இலைகளோடு கலந்தேன். பிறகு ஒரு கடையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. சாலாக் செலாத்தானுக்கு வந்து உன் வீட்டில் டீ குடித்தேன், வயதாகிவிட்டது, மறதி என்று சொல்லிச் சிரித்தேன். தர்ஷினி, "பரவால்ல மாமா, அடுத்த வாரம் டபுளா கொண்டு வாங்க" என்றாள். அடுத்த வாரம் அம்மா பையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். நான் ரயில் ஏறுவதற்கு முன்பே தர்ஷினிக்குப் போன் செய்து, "மாமாகிட்ட குடுத்துவுட்டிருக்கேன், வந்து சேந்துச்சான்னு சொல்லு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பையையும் நான் எறிந்திருக்கலாம். எறிந்தால் வீட்டில் கேள்வி வரும், ஏன் என்று சொல்ல வேண்டும், ஏழு தடவை கழுவினேன் என்று சொன்னது பொய் என்று ஆகும். கேள்விக்குப் பயந்து அந்தப் பையை உன் வீட்டு மேசையில் கொண்டு வந்து வைத்தேன். அதற்குப் பிறகும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருக்கும், இத்தனை வருஷத்து மருந்துக்கு வீரியம் எங்கே இருக்கப்போகிறது என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இதே மாதிரி ஒன்றை உனக்கு முன்பே செய்திருக்கிறேன். உன் ஒன்பது வயதில் அந்தச் சிவப்பு சைக்கிள். அதுவும் பழைய சாமான் கடையில் நான் கண்டெடுத்த புதையல்தான். பாலத்துச் சரிவில் நீ விழுந்து இடது கையை முறித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, "எப்படி விழுந்தான்?" என்று கேட்டாள். ரேஸ் ஓட்டினான், சொன்னால் கேட்பதில்லை என்றேன். சொன்னதோடு விடாமல் கட்டுப்போடாத பக்கக் கன்னத்தில் உன்னை ஓர் அறை அறைந்தேன். நீ அழவில்லை. "இனிமே வேகமாப் போகமாட்டேன்பா" என்றாய். உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து, எங்க அப்பா ஒரே ஒரு தடவைதான் என்னை அடித்தார், அது எனக்குத் தேவைதான் என்று இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். தேவையே இல்லை. நீ வேகமாகப் போகவில்லை. அந்த சைக்கிளுக்குப் பின் பிரேக் பிடிக்காது. வாங்கும்போதே பார்த்தேன். கம்பி வாங்கிக் கட்டலாம் என்று நினைத்து, கட்டாமல், அதுவரை சரிவுப் பக்கம் போகாதே என்று உன்னிடம் சொல்லவும் இல்லாமல், ஏறிக்கொள் என்றேன். மழை வருவதற்கு முன்னால் உனக்கு அந்தக் கை இன்னமும் வலிக்கிறது என்று தர்ஷினி போன மாதம் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டன்று நீங்கள் வந்திருந்தீர்கள். தர்ஷினி பாயசம் வேண்டாம் என்றாள். ஒரு வாரமாக வாந்தி என்றாய். ஐந்தாம் மாதத்தில் என்ன புதிதாக வாந்தி என்று அம்மா ஆச்சரியப்பட்டாள், காரத்தைக் குறை, கீரையைச் சேர்த்துக்கொள் என்றாள். வளைகாப்புக்குக் கிள்ளானில் வாங்கி வைத்த கண்ணாடி வளையல்களை எடுத்து வந்து தர்ஷினியின் கையில் அளவு பார்த்தாள். அம்மாவால் வளையலைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஒன்று விழுந்து உடைந்தது. "சுகர், விரல் மரத்துப்போகுது, ஒரு மாசமா இப்படித்தான்" என்று சொல்லி அவளே சில்லைப் பொறுக்கினாள். நான் குனிந்து உதவப் போனேன். அப்போதுதான் அவள் நகங்களைக் கிட்டத்தில் பார்த்தேன். பத்து நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது போல. என் அம்மாவுக்கு அப்படி இருந்தது. குழாயடியில் அவள் குளித்து முடிக்கக் காத்திருக்கும்போது அந்தக் கோடுகளைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் நகம் அப்படித்தான் இருக்கும் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

மறுநாள் உன் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டர் நகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது புழங்குகிறதா என்று கேட்டார். அம்மா, "அதெல்லாம் நான் வாசல்ல சேத்துறதே இல்ல டாக்டர். எல்லாம் சொந்தமா வளக்குற கீரை" என்று பெருமையாகச் சொன்னாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நேற்று சாயங்காலம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முன்பு தோட்டங்களில் அர்செனிக் கலந்த மருந்து அடித்திருக்கிறார்கள், அது வருஷக்கணக்கில் போகாது, சோதித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். வேறு யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். மருமகள், மாசமாக இருக்கிறாள் என்றேன். "அங்கிள், இத எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?" என்றார். உன் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. பதிலுக்குக் காத்திராமல் அவர் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

இன்று காலை, பம்பைத் தூக்கப் போன அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தர்ஷினிக்கு?" என்றாள். தெரியாது என்றேன். "பிள்ளைக்கு?" என்றாள். அதுவும் தெரியாது என்றேன். போனை எடுத்துத் தர்ஷினியிடம் கீரை விஷயத்தைச் சொன்னாள். பிறகு வாசலில் போய் நின்று பாயாம் பாத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடுங்கக் கூடாது, தொடக் கூடாது, ஆட்கள் வந்து மண் எடுத்துப் போவார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மத்தியானம் பெய்த மழையில் அது இன்னும் பச்சையாக நிற்கிறது. ரோஸ்னா அக்காவிடம் போய்க் கோழிகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்கும் நாம் கீரை கொடுத்திருக்கிறோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மாவின் சிநேகிதிகளுக்கு அவளே போன் செய்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்கிறாள். என் பெயரை மறைக்கவில்லை. மறைக்கவும் வேண்டாம்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் புத்தி, ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வளர வேண்டும். வளரும்போது உன் கையால் அதற்கு ஏதாவது ஒரு கெடுதல் நடக்கும். எந்தத் தகப்பனும் தப்ப முடியாது. அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் வரை வைத்திருந்தால் அதற்குக் காவல் நிற்க வேறொரு பொய் வேண்டியிருக்கும். அந்த அறையை உன் கன்னத்தில் நான் எதற்குக் கொடுத்தேன் என்று நினைக்கிறாய்? பிரேக் கம்பியைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேன். பம்பை அன்றைக்கே தூக்கிப் போட்டிருந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் முகம் வாடியிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அம்மா கடைசிப் பக்கத்தைக் கேட்கிறாள். மன்னிப்பு என்ற சொல்லை எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாள். "அதுக்கு இப்ப அவனுக்கு நேரமில்ல. மொதல்ல அவள கூட்டிட்டுப் போகட்டும்" என்கிறாள். அதனால் எழுதவில்லை. சாயங்காலம் கிளம்பி சுப்ராவின் வேனில் வருகிறோம். அவனுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே சொன்னேன்ல" என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவையும் பரிசோதிக்க வேண்டும் என்பதால் அவளும் வருகிறாள். வளையல் பெட்டியைப் பையில் எடுத்து வைத்தாள், கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

உன் கதவைத் தட்டி இந்த உறையை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிவிடுவேன். காவலாளி கொட்டகைக்கு எதிரே வேன் நிற்கும். அம்மா நடுவில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் தர்ஷினிக்கு இடம் விட்டு. நான் வண்டிக்கு வெளியே நிற்பேன். தர்ஷினியைப் படியில் மெதுவாக இறங்க வை. அவள் என்னைப் பார்த்து மாமா என்று கூப்பிடுவதற்கு முன்னால், விஷயத்தை நீ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு முன் கதவை நீ திறந்துவிட்டால் ஏறிக்கொள்வேன். சாத்தினால், நீங்கள் போகிற வரை அங்கேயே நின்றுவிட்டு ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போவேன். நீ எதைச் செய்தாலும் அது சரிதான். ஆனால் ஒன்று, தம்பி. சைக்கிள் விஷயத்தில் உன் மேல் தப்பில்லை. கதவைச் சாத்துகிற கையாக இருந்தாலும் அந்த உண்மை தெரிந்த கையாக இருக்கட்டும்.

அப்பா